சாவித்திரி அழ மட்டும்தான் பிறந்தாரா?

 

முதலில் ஒரு கேள்வி. நடிகை சாவித்திரி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? எங்க வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். சிலர் 1961இல் வந்த ‘பாசமலர்’ என்றார்கள். சிலர் 2018இல் வந்த ‘நடிகையர் திலகம்’ என்றார்கள். ரெண்டிலும் கண்ணீர்தான்! எங்க அம்மாச்சியைக் கேட்டால், “பாவம்த்தா, கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டு செத்துப்போச்சு” என்று கண்ணைத் துடைக்குது. அது உண்மைதான். ஒரு வருஷத்துக்கும் மேலே நினைவில்லாமல் கிடந்து, 1981 டிசம்பர் 26இல் சாவித்திரி இறந்தார்.

ஆனால் அவர் நம்மைச் சிரிக்க வைத்ததை ஏன் யாருமே சொல்றதில்லை? அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

‘மிஸ்ஸியம்மா’ பார்த்திருக்கிறீர்களா? 1955இல் வந்த படம். விஜயா புரொடக்ஷன்ஸ் எடுத்தது, எல்.வி. பிரசாத் இயக்கியது. கருப்பு வெள்ளை என்று ஓடிப் போகாதீங்க! கதையே ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றியதுதான். ஒரு ஜமீன்தார் தன் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் தேடுகிறார். ஆனால் ஒரு நிபந்தனை, கணவன் மனைவி ரெண்டு பேரும் பட்டதாரியாக இருக்கணும். மேரிக்குக் கடன், பாலுவுக்கு வேலை இல்லை. ரெண்டு பேருக்கும் கல்யாணமும் ஆகலை. என்ன செய்ய? புருஷன் பொண்டாட்டி என்று பொய் சொல்லி வேலையில் சேர்ந்து விடுகிறார்கள்! பாலுவாக ஜெமினி கணேசன், மேரியாக சாவித்திரி, ஜமீன்தாராக ரங்காராவ். துப்பறிகிறேன் என்று சுற்றி வருகிற தங்கவேலு வேற!

இதில் வேடிக்கை என்னவென்றால், சாவித்திரி ஒரு இடத்தில்கூட நம்மைச் சிரிக்க வைக்க முயற்சி செய்யவே இல்லை. படம் முழுக்க அந்த மேரிக்குக் கோபம். கிறிஸ்தவப் பெண் ஒருத்தி, ஒரு இந்து வீட்டு மருமகள் மாதிரி நடிக்கணும். ஜமீன்தார் குடும்பம் அன்பைக் கொட்டக் கொட்ட இவளுக்கு எரிச்சல் ஏறுது. வெளியே சிரிக்கணும், உள்ளே கொதிக்கணும். அப்புறம் பாலு ஜமீன்தார் மகள் சீதாவுக்குப் பாட்டுச் சொல்லித் தரும்போது, தனக்கே தெரியாமல் ஒரு பொறாமை! இத்தனையும் அந்த முகத்தில் வருது. நாம விழுந்து விழுந்து சிரிக்கிறோம்.

இன்னொரு செய்தி. இதே படத்தைத் தெலுங்கில் ‘மிஸ்ஸம்மா’ என்று எடுத்தபோது, மேரி வேஷம் முதலில் பானுமதிக்குத்தான் போனது. தயாரிப்பாளர் சக்ரபாணியோடு தகராறு வந்து அவர் விலகினார். படத்தில் சின்ன வேஷத்துக்கு இருந்த சாவித்திரியைக் கூப்பிட்டு மேரியாக்கினார்கள். ஒரு வாய்ப்பு கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேணுமா?

அடுத்து 1957இல் வந்த ‘மாயா பஜார்’. எல்லோருக்கும் கடோத்கஜன் சாப்பிடுகிற காட்சிதான் ஞாபகம். ஆனால் அதே கடோத்கஜன், கல்யாணத்தைக் கெடுக்க வத்சலாவாக உருவம் மாறி வருவானே, அப்போது நடிப்பது யார்? சாவித்திரிதான்! பார்க்க அழகான கல்யாணப் பெண், உள்ளே இருப்பது ராட்சசன். நடை, முறைப்பு, மிடுக்கு எல்லாம் ரங்காராவ் மாதிரியே! அந்த ஒரு காட்சிக்காகவே இந்தப் படத்தை மறுபடி பார்க்கலாம்.

இதை இங்கே எழுத ஒரு காரணம் இருக்கு. பள்ளிக்கூட ஆண்டு விழா நாடகங்களை நினைச்சுப் பாருங்க. பொம்பளைப் பிள்ளைகளுக்கு என்ன வேஷம்? அழுகிற அம்மா, அடி வாங்குகிற மனைவி, இல்லையென்றால் பாரத மாதா. சிரிப்பு வேஷம் வந்தால் மட்டும் ஒரு பையன் சேலையைக் கட்டி, குரலை மாத்தி, இடுப்பை ஆட்டி வருகிறான். எல்லோரும் கை தட்டுறாங்க. அங்கே நாம சிரிக்கிறது நகைச்சுவைக்கா, பொம்பளை என்பதற்கா? யோசிங்க! ‘மாயா பஜார்’ல இது அப்படியே தலைகீழ். ஒரு பெண் ஆணாக நடித்து சிரிக்க வைத்தாள். யாரையும் கேவலப்படுத்தலை.

“பொண்ணு காமெடி பண்ணினா கேலி பண்ணுவாங்க” என்று சிலர் சொல்லலாம். அந்தப் பயம் நியாயம்தான். அதுக்கு பதிலும் சாவித்திரியிடமே இருக்கு. மேரி கோமாளித்தனம் பண்ணவில்லை. படித்தவள், ரோஷக்காரி, நினைத்ததைப் பட்டென்று சொல்பவள். அவள் மரியாதை ஒரு இடத்திலும் குறையலை.

வெளிநாட்டிலும் இதைப் பார்க்கலாம். 1934இல் ‘இட் ஹேப்பன்ட் ஒன் நைட்’ என்று ஒரு ஹாலிவுட் படம். அதிலேயும் கல்யாணமாகாத ரெண்டு பேர் புருஷன் பொண்டாட்டி என்று நடிப்பார்கள், துப்பறிகிறவர்களை ஏமாற்ற சண்டைகூடப் போடுவார்கள்! அதில் நடித்த கிளாடெட் கோல்பெர்ட்டுக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் கிடைத்தது. 1953இல் வந்த ‘ரோமன் ஹாலிடே’க்காக ஆட்ரி ஹெப்பர்னுக்கும் அதே விருது. சிரிக்க வைத்த பெண்ணுக்கு அங்கே கிரீடம் வைத்தார்கள். நாமோ சாவித்திரியின் கண்ணீரை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டோம்.

நம்ம தேனி மாவட்டத்துக்கு சினிமா புதுசில்லை. அல்லிநகரத்தில் பாரதிராஜா பிறந்தார், பண்ணைப்புரத்தில் இளையராஜா பிறந்தார். பெருமைதான்! ஆனால் அந்தப் பட்டியலில் பொண்ணுங்க பேரும் வரணும்னா, முதல் மேடை பள்ளிக்கூட மேடைதானே?

அதனால் ஆசிரியர்களிடம் பணிவான வேண்டுகோள். இந்த ஆண்டு விழாவில் ஒரு நகைச்சுவை நாடகம், அதில் முக்கியமான சிரிப்பு வேஷம் ஒரு மாணவிக்கு. ‘மிஸ்ஸியம்மா’ மாதிரி, பொய் சொல்லி வேலைக்கு வந்த ரெண்டு வாத்தியார் கதையை நாங்களே பெரியகுளம் பேச்சில் எழுதித் தருகிறோம். பையன்களே, கோவிச்சுக்காதீங்க! அழுகிற அப்பா வேஷம் உங்களுக்காகக் காத்திருக்கு. நல்லா அழுது காட்டுங்க, நாங்க கை தட்டுறோம்!

தோழிகளே, ஒத்திகைக்குப் பேர் கொடுக்க யார் யார் ரெடி?

– பதினொன்றாம் வகுப்பு மாணவி