வாளைக் கீழே வைத்த தளபதி



2024-ஆம் ஆண்டுக் குடியரசு தின விழாவில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அவர்கள் ஆறு குதிரைகள் பூட்டிய சாரட்டு வண்டியில் வந்திறங்கிய காட்சியைத் தொலைக்காட்சியில் கண்டிருப்பீர்கள். ஆங்கிலேய வைஸ்ராய்கள் பயன்படுத்திய வண்டி அது. தேசப் பிரிவினையின்போது அது யாருக்கு என்ற வழக்கெழுந்தது. வைஸ்ராயின் மெய்க்காவல் படையைச் சேர்ந்த இரு அதிகாரிகள் பூவா தலையா போட்டுப் பார்த்து வழக்கை முடித்தனர். இந்தியாவின் சார்பில் நின்ற கோவிந்த் சிங் வென்றார். பாகிஸ்தானின் சார்பில் நின்றவர் தோற்றார். அவ்வாறு தோற்றவரே சாஹிப்ஸாதா யாகூப் கான். இம்மாதம் அவரைக் குறித்தே எழுத விழைகின்றேன்.

1920 டிசம்பர் 23 அன்று ராம்பூர் நவாபுக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். தந்தை சர் அப்துஸ் ஸமத் கான், ராம்பூர் சமஸ்தானத்தின் முதலமைச்சராக விளங்கியவர். டேராடூனில் ராணுவக் கல்வி பெற்று, இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் போரிட்ட யாகூப் கான், 1942-ல் எதிரிகளிடம் சிறைப்பட்டார். இத்தாலியச் சிறைமுகாமில் அவருடன் அடைபட்டிருந்தோருள் இருவரை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். ஒருவர் நம் சேலம் சீமையின் குமாரமங்கலம் ஜமீன் வாரிசு, பின்னாளில் இந்திய ராணுவத்தின் தலைமைத் தளபதியான பி.பி. குமாரமங்கலம். மற்றவர் யஹ்யா கான். ஒரே முள்வேலிக்குள் ஒன்றாக இருந்த குமாரமங்கலமும் யஹ்யா கானும் 1966 முதல் எதிரெதிர் நாடுகளின் தரைப்படைகளுக்குத் தலைமை தாங்கினர் என்பதை எண்ணும்போது வியப்பே மேலிடுகின்றது. யாகூப் கான் சிறைவாசத்தை மொழிகள் கற்கப் பயன்படுத்திக் கொண்டார். இத்தாலி, ஜெர்மன், பிரெஞ்சு, ரஷ்யன் என அவர் அறிந்த மொழிகளின் வரிசை நீண்டது. எங்கள் திருத்தணியில் கடைவீதியைக் கடப்பதற்குள் தமிழும் தெலுங்கும் உருதுவும் காதில் விழும். ஆயினும் மூன்றையும் பிழையறப் பேசும் பிள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கின்றது!

1969-ல் கிழக்குப் பாகிஸ்தானின் படைத் தலைமையை ஏற்று டாக்கா சென்றபோது அவர் வங்காள மொழியையும் பயின்றார். ஆள வந்த இடத்தின் மொழியை மதிக்காத அதிகாரிகள் நிறைந்திருந்த காலத்தில் இது சிறிய காரியமன்று. 1970 டிசம்பர் தேர்தலில் ஷேக் முஜீபுர் ரஹ்மானின் அவாமி லீக், தேசிய சபையின் 300 பொது இடங்களில் 160 இடங்களை வென்றது. ஆட்சியமைக்கும் உரிமை அவர்களுக்கே இருந்தது. ஆயினும் மார்ச் 3-ஆம் தேதி கூடவேண்டிய சபையை, மார்ச் 1 அன்று அதிபர் யஹ்யா கான் ஒத்திவைத்தார். டாக்கா கொந்தளித்தது. ஊரடங்கும் துப்பாக்கிச் சூடும் உயிர்ப்பலியும் தொடர்ந்தன. பின்னர் யாகூப் கான் படைகளை முகாம்களுக்குத் திரும்ப அழைத்துக் கொண்டார்.

அவரை மாசற்றவராகக் காட்டுவது என் நோக்கமன்று. ராணுவச் சட்டத்தைக் கடுமையாக நடைமுறைப்படுத்துவதற்கான ‘பிளிட்ஸ்’ என்னும் திட்டம் அவருடைய தலைமையகத்தில்தான் முன்னதாக உருவாகியிருந்தது. ஆனால் நிலைமையை நேரில் கண்டபின், இதற்கு அரசியல் தீர்வேயன்றி ராணுவத் தீர்வு இல்லையென அவர் முடிவுக்கு வந்தார். அதிபரை டாக்காவுக்கு நேரில் வருமாறு வேண்டினார். வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. 1971 மார்ச் 5 அன்று தம் ராஜினாமாவைத் தந்தி வழியே அனுப்பிவிட்டார். அதைப் பெற்ற யஹ்யா கான், ஒருகாலத்தில் அவருடன் சிறைச்சோறு உண்டவர்! அவரோ லெப்டினன்ட் ஜெனரலாயிருந்த யாகூப் கானை மேஜர் ஜெனரலாகப் பதவியிறக்கம் செய்தார்.

அவருடைய இடத்துக்கு டிக்கா கான் வந்தார். மார்ச் 25 நள்ளிரவில் டாக்காவில் நடந்த கொடுமைகளை உலகறியும். கொன்றோரும் கொல்லப்பட்டோரில் பெரும்பாலோரும் ஒரே கிப்லாவை நோக்கித் தொழுதவர்கள் என்பதை எழுதக் கை நடுங்குகின்றது. அதே ஆண்டு டிசம்பர் 16-ல் பாகிஸ்தான் படை சரணடைந்தது; வங்கதேசம் பிறந்தது. நெருக்கடியான வேளையில் தளபதி விலகலாமா என்று யாகூப் கானைக் குறை கூறியோர் உண்டு. கீழ்ப்படிதல் படைவீரனின் கடமை என்பதை நான் மறுக்கவில்லை. எனினும் யாருக்காகத் துப்பாக்கி கொடுக்கப்பட்டதோ அவர்கள் மீதே அதை நீட்டச் சொல்லும்போது, பதவியைத் துறப்பதைவிடக் கண்ணியமான வழி வேறு எது இருந்தது? எனக்குப் புலப்படவில்லை.

1972-ல் பூட்டோவின் அரசு அவரைப் பிரான்சுக்குத் தூதராக அனுப்பியது. பின்னர் அமெரிக்கா, அதன்பின் ரஷ்யா. (எங்கள் ஊர்ப்பகுதியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் 1949 முதல் 1952 வரை இந்தியத் தூதராக இருந்ததும் அந்த மாஸ்கோவில்தான்.) தூதரை அரபியில் ‘ஸஃபீர்’ என்போம். இரு கூட்டத்தாரிடையே சமாதானம் செய்பவர் என்று அச்சொல்லுக்கு அகராதிகள் பொருள் தருகின்றன. 1977 மார்ச்சில் அப்பொருளுக்கேற்பவே அவர் செயல்பட நேர்ந்தது.

வாஷிங்டன் நகரில் ஹமாஸ் அப்துல் காலிஸ் என்பவரின் தலைமையில் 12 பேர், மூன்று கட்டிடங்களில் 149 பேரைப் பிணைக்கைதிகளாகப் பிடித்தனர். நம்மில் பலர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபின் பெயரைச் சூட்டிக்கொண்ட சிறு குழு அது. பிடிக்கப்பட்ட இடங்களில் ஒன்று இஸ்லாமிய மையம். மற்றொன்று யூதர்களின் அமைப்பொன்றின் தலைமையகம். இளம் வானொலிச் செய்தியாளர் ஒருவர் கொல்லப்பட்டார். காலிஸின் வீட்டில் 1973-ல் புகுந்த கொலைகாரர்கள் குழந்தைகள் உட்பட எழுவரைக் கொன்றிருந்தனர். அந்த ஆறாத துயரமே வெறியாக மாறியிருந்தது. காவல்துறை திகைத்து நின்றபோது எகிப்தின் அஷ்ரஃப் கோர்பால், ஈரானின் அர்தஷீர் ஸாஹிதி, பாகிஸ்தானின் யாகூப் கான் ஆகிய மூன்று தூதர்கள் பேச முன்வந்தனர். முதலில் தொலைபேசியிலும், பின்னர் ஆயுதம் தாங்கியிருந்த அம்மனிதருக்கு நேரெதிரே அமர்ந்தும், திருக்குர்ஆனின் வசனங்களை எடுத்தோதிப் பேசினர். மூன்றாம் நாள் அதிகாலையில் எஞ்சிய பிணைக்கைதிகள் அனைவரும் உயிருடன் விடுவிக்கப்பட்டனர். அவர்களுள் யூதர்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இருந்தனர்.

1982-ல் அவர் வெளியுறவு அமைச்சரானார். ஆப்கானிஸ்தானிலிருந்து ரஷ்யப் படைகள் வெளியேற வழிவகுத்த ஜெனீவா ஒப்பந்தத்திற்கான பேச்சுகளைப் பல ஆண்டுகள் நடத்தினார். 1988 ஏப்ரலில் அது கையெழுத்தானபோது அவர் பதவியில் இல்லை. இந்தியாவிடம் அவர் எப்போதும் இனிமையாகப் பேசினார் என்றும் சொல்வதற்கில்லை. 1990 ஜனவரியில் காஷ்மீர் விவகாரத்தையொட்டி டெல்லி வந்தபோது, அவர் பேசிய தோரணை அன்றைய வெளியுறவு அமைச்சர் குஜ்ராலுக்கு எச்சரிக்கை விடுப்பதாகவே தோன்றியது. தம் நாட்டின் தூதராக அவர் வந்தார்; அதற்கேற்பப் பேசினார்.

1992 முதல் 1997 வரை ஐக்கிய நாடுகள் சபையின் சிறப்புப் பிரதிநிதியாக மேற்கு சஹாரா விவகாரத்தைக் கையாண்டார். இளமையில் தாம் சிறைப்பட்ட அதே ஆப்பிரிக்கக் கண்டத்தின் மற்றொரு பாலைவனம் அது. மொராக்கோவுக்கும் சஹ்ராவி மக்களுக்குமிடையே வாக்கெடுப்பு நடத்த அவர் எடுத்த முயற்சி கைகூடவில்லை. 2016 ஜனவரி 26 அன்று, 95-ஆம் வயதில், இஸ்லாமாபாதில் யாகூப் கான் வஃபாத்தானார். அந்த வாக்கெடுப்பு இன்றளவும் நடைபெறவில்லை.