ரிசார்ட்டில் தங்கலாம், கையெழுத்துப் போடலாமா?



கோடை விடுமுறை நெருங்கினால் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி இப்போது ஒரே விஷயம்தான். "சார், டைம்ஷேர் ரிசார்ட்ல மெம்பர்ஷிப் எடுக்கலாமா? குழந்தைங்களுக்கு ரொம்ப நல்லா இருக்காமே!" தனித்தனியாகச் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. இங்கேயே எழுதிவிடுகிறேன். நீளம்தான். வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் உட்கார்ந்தவர்கள்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்குவது வேறு, வாங்குவது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் எல்லாச் சிக்கலும்.

தங்குவதற்கு என் ஓட்டு உண்டு. மூன்று நாளில் ஊட்டி, முதுமலை, மைசூர் என்று வேனில் சுற்றினால் மூன்று வயதுக் குழந்தை பார்ப்பது முன் சீட்டின் முதுகை மட்டும்தான். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்தது தனிக் கதை. ஒரே இடத்தில் நாலைந்து நாள் இருந்தால் அதற்கு மதியத் தூக்கம் கிடைக்கும், அடுத்த நாள் 'நம்ம ரூம்' என்று உரிமையோடு ஓடும். சில ரிசார்ட்டுகளில் அறைக்குள்ளேயே சின்ன அடுப்பும் ஃபிரிட்ஜும் இருக்கும். குழந்தை வைத்திருப்பவர்களுக்கு நீச்சல் குளத்தைவிடப் பெரிய வசதி அதுதான். பஃபேயில் முப்பது வகை இருந்தாலும் நம் வீட்டு வாண்டு கேட்பது ரசம் சாதம். முன்பதிவு செய்யும்போதே அடுப்பு உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

என் பேரன் ஊட்டி மலர்க் கண்காட்சியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தங்கியிருந்த இடத்தில் மரத்தடியில் கிடந்த யூகலிப்டஸ் காய்களைப் பொறுக்கி டம்ளரில் போடுவதும் கொட்டுவதுமாக இரண்டு மணி நேரம் இருந்தான். அங்கே குழந்தைகளுக்கென்று பத்து மணிக்கு ஓவியம், பதினொன்றுக்கு நடனம், பன்னிரண்டுக்குப் புதையல் வேட்டை என்று கால அட்டவணை ஒட்டியிருந்தார்கள். முப்பத்து நாலு வருடம் பள்ளி மணி அடித்துக் கேட்டவன் சொல்கிறேன், விடுமுறையிலுமா பிள்ளைக்கு பீரியட்?

ஒரு எச்சரிக்கை. குழந்தைகள் குளம் என்று எழுதியிருந்தாலும் அது குளம்தான். பாதுகாவலர் நிற்கிறார் என்று போனை எடுக்காதீர்கள். மூழ்கும் குழந்தை கத்தாது. பால்கனிக் கம்பியோரம் நாற்காலி கிடந்தால் உள்ளே இழுத்துப் போடுங்கள். கீசர் தண்ணீரைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகே குழந்தை மேல் ஊற்றுங்கள். மலை ஊர்களில் குரங்கு இருக்கும். ஜன்னலைத் திறந்துவைத்து பிஸ்கட்டை மேசையில் வைத்தால் அதற்கும் சேர்த்தே வாங்க வேண்டும்.

இனி வாங்கும் கதை. 1960-களில் பிரான்சின் ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் பிறந்த யோசனை இது. நம் நாட்டில் சென்னையிலிருந்து ஸ்டெர்லிங் 1986-இலும், மஹிந்திராவின் நிறுவனம் 1996-இலும் தொடங்கின. இங்கே பெரும்பாலும் நீங்கள் வாங்குவது வருடத்தில் சில நாள் தங்கும் உரிமையை மட்டுமே. பத்திரம் கிடையாது, பட்டா கிடையாது. 'சொத்து' என்று யாராவது சொன்னால் ஒப்பந்தத்தில் அந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

கரும்பலகைக் கணக்கு ஒன்று போடுவோம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்களுக்குச் சொன்ன விலையை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். உறுப்பினர் கட்டணம் 4 லட்சம், 25 வருடம், வருடம் 7 இரவு. மொத்தம் 175 இரவு. ஓர் இரவுக்கு 2,286 ரூபாய். 'பார்த்தீங்களா சார், எவ்வளவு மலிவு' என்று விற்பவர் இங்கேயே நிறுத்திவிடுவார். வருடாந்திரப் பராமரிப்புக் கட்டணம் 20,000 என்றால் இரவுக்கு இன்னும் 2,857. ஆக 5,143. சாப்பாடு தனி. தவணையில் கட்டினால் வட்டியும் தனி.

அதே 4 லட்சம் 7 சதவீத வட்டிக்கு வங்கியில் இருந்தால் வருடம் 28,000 வரும். கட்டாத பராமரிப்புக் கட்டணம் 20,000 கையில் இருக்கும். ஆக வருடம் 48,000, இரவுக்கு 6,857 ரூபாய் வாடகை கொடுத்து விரும்பிய ஊரில் தங்கலாம். முதல் அப்படியே இருக்கிறது. வட்டிக்கு வரி உண்டு, அறை வாடகையும் ஏறுமே என்பீர்கள். சரிதான். பராமரிப்புக் கட்டணமும் ஏறுமே! எட்டாம் வகுப்பில் சொன்ன 72 விதி நினைவிருக்கிறதா? வருடம் 7 சதவீதம் ஏறினால் பத்து வருடத்தில் இரட்டிப்பு. 20,000 என்பது இருபதாவது வருடத்தில் 80,000 ஆகும். போகாத வருடத்துக்கும் அதைக் கட்ட வேண்டும்.

இதைவிட முக்கியமானது ஒன்று, இளம் பெற்றோர்கள் இதைக் கவனியுங்கள். வருடத்தைப் பருவங்களாகப் பிரித்து ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறம் கொடுத்து விற்பது வழக்கம். கூட்டம் குறைந்த பருவம் மலிவு. குழந்தைக்கு இரண்டு வயது, எந்த மாதமும் போகலாம் என்று மலிவான நிறத்தை வாங்குகிறீர்கள். இரண்டே வருடத்தில் பள்ளி. அப்புறம் மே மாதம், காலாண்டு, அரையாண்டு விடுமுறைதான். உங்கள் நிறத்துக்கு அப்போது இடமில்லை, கூடுதலாகக் கட்டுங்கள் என்பார்கள். குழந்தையைக் காட்டி விற்ற பொருள், குழந்தை பள்ளிக்குப் போனதும் பயன்படாமல் போகிறது. அந்த 25 வருடம் முடியும்போது இன்றைய இரண்டு வயதுக்கு இருபத்தேழு வயது. உங்களோடு ஊட்டிக்கு வருமா?

அறை அளவும் பாருங்கள். சின்ன அறை என்றால் அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள் என்பதுதான் பொதுவான கணக்கு. தாத்தா பாட்டி அதில் வரமாட்டார்கள். வந்தாலும், நீங்கள் ஊர் சுற்றப் போக நாங்கள் தூங்கும் குழந்தைக்குக் காவல். (என் மகன் இதைப் படிப்பான். படிக்கட்டும்.)

விற்கும் முறைதான் எனக்குக் கோபம் வரவழைப்பது. மாலில் கூப்பன் எழுதிப் போட்டால் பரிசு, வாங்கப் போனால் கணவன் மனைவி இருவரும் வர வேண்டும், குழந்தையை விளையாட்டு அறைக்கு அழைத்துப் போய்விடுவார்கள், மூன்று மணி நேரம் பேச்சு, 'இன்று மட்டும் இந்த விலை'. நாளைக்குக் கிடைக்காத விலை எனக்கு இன்றைக்கும் வேண்டாம் என்று எழுந்து வாருங்கள்.

எல்லாருக்கும் வேண்டாம் என்று சொல்லவில்லை. பணம் கட்டியாயிற்றே என்பதற்காகவாவது லீவு போடுகிறவர்கள் உண்டு. ஆண்டுதோறும் போய், முன்கூட்டியே பதிவு செய்து, முழுதாகப் பயன்படுத்தும் குடும்பங்கள் என் மாணவர்களிலேயே இருக்கிறார்கள். அவர்கள் சந்தோஷமாகவே இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் முதலில் இரண்டு மூன்று முறை வாடகைக்குத் தங்கிப் பார்த்து, பிறகு வாங்கியவர்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் ஒப்பந்தத்தில் ரத்து செய்யும் கால அவகாசம் எத்தனை நாள் என்று இன்றே பாருங்கள். நாள் இருந்தால் எழுத்து மூலம், மின்னஞ்சலில் அனுப்புங்கள். போனில் சொன்னது நிற்காது. நாள் கடந்து, சொன்னது ஒன்று கொடுத்தது ஒன்று என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். அந்த நிறுவனம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

இந்த மே மாதம் ஊட்டி, கொடைக்கானல் கிளம்புகிறவர்களுக்கு: உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே முதல் அங்கே போகும் வாகனங்களுக்கு இ-பாஸ் வந்துவிட்டது. 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனம் என்று வரம்பும் வைத்தார்கள். அறை உறுதியானதும் இ-பாஸ் விதி இப்போது எப்படி இருக்கிறது என்று பார்த்து, அதையும் எடுத்துவிடுங்கள். குழந்தைக்கு ஸ்வெட்டர் இரண்டு. ஒன்றில் எப்படியும் பால் கொட்டும்.