சேணமும் சும்மாடும்

குதிரையிடம் நம்மவர்களுக்குப் பிரியம் குறைவென்று யாரும் சொல்ல முடியாது. ஐயனார் கோயில் வாசலில் மண்குதிரை நிற்கிறது. உற்சவத்தில் சுவாமி குதிரை வாகனத்தில் எழுந்தருளுகிறார். திருவிழாவில் பொய்க்கால் குதிரை ஆடுகிறது. இந்தக் குதிரைகளுக்கெல்லாம் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. சேணம் எப்படி அமைந்தாலும் அவற்றுக்கு வலிக்காது. உயிருள்ள குதிரையின் விஷயம் அப்படியல்ல.

நாம் வசிக்கும் திருப்பாலைவனத்தில் குதிரையைக் காண்பது அரிது. பழவேற்காடு ஏரியை அடுத்த இந்தப் பிரதேசத்தில் படகும் வலையும் மீன் கூடையுமே பலருடைய ஜீவனத்துக்கு ஆதாரம். ஆயினும் சேணத்தின் தத்துவத்தை இங்கே கூடை சுமக்கும் பெண்களைக் காட்டிலும் நன்றாக அறிந்தவர்கள் இருக்க முடியாது. பாரத்தைத் தலையில் ஏற்றுமுன் அவர்கள் துணியைச் சுருட்டிச் சும்மாடு வைக்கிறார்கள். சும்மாடு கோணிவிட்டால் பாரம் ஒரே பக்கம் அழுத்தும், கழுத்துப் பிடித்துக்கொள்ளும். உடனே கூடையை இறக்கிச் சரி செய்துகொள்வார்கள். குதிரைக்குச் சேணமே சும்மாடு. ஆனால் அதைத் தானே இறக்கிச் சரி செய்துகொள்ளக் குதிரையால் முடியாது. வாய் திறந்து சொல்லவும் முடியாது.

சென்ற ஆண்டு நம் மாணவர்களை மெரினாக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றிருந்தோம். சவாரிக் குதிரை ஒன்றைச் சேணம் நீக்கி இளைப்பாற விட்டிருந்தார்கள். செம்பழுப்பு நிறக் குதிரை. ஆனால் முதுகின் இரு புறத்திலும் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை மயிர். “இது பிறவியிலேயே வந்த மச்சமா, சார்?” என்று ஒரு பையன் கேட்டான். சேணம் மறைக்கும் இடத்தில் இரு புறமும் இப்படி வெளுத்திருந்தால் அது பெரும்பாலும் மச்சமாக இராது. சேணம் ஓயாமல் ஒரே இடத்தில் அழுத்தும்போது தோலுக்குச் செல்லும் ரத்த ஓட்டம் தடைப்படுகிறது. மயிருக்கு நிறம் தரும் உயிரணுக்கள் கெட்டுவிடுகின்றன. பிறகு அவ்விடத்தில் முளைப்பது வெள்ளை மயிர்தான். வலி போன பின்னும் அதன் அடையாளம் போவதில்லை.

சேணம் பொருந்துகிறதா என்று சோதிப்பது பெரிய வித்தையல்ல. குதிரையைச் சமதரையில் நான்கு கால்களும் ஒழுங்காக ஊன்றும்படி நிறுத்த வேண்டும். விரிப்பு எதுவும் இல்லாமல் வெறும் முதுகில் சேணத்தை வைக்க வேண்டும். பிடரி மயிர் முடியும் இடத்தில், இரு தோள்களுக்கும் நடுவே, ஓர் எலும்பு மேடு உயர்ந்து நிற்கும். சேணத்தின் முன்வளைவு அந்த மேட்டைத் தொடவே கூடாது. ஆள் ஏறி உட்கார்ந்த பிறகும் இரண்டு மூன்று விரல்கள் தாராளமாக நுழைய வேண்டும். அடுத்தபடியாகப் பின்னால் சற்று ஒதுங்கி நின்று பார்க்க வேண்டும். சேணத்தின் அடியில் முதுகெலும்பின் மேல் ஓடும் இடைவெளி முன்னிருந்து பின்வரை அடைபடாமல், வெளிச்சம் தெரியும்படி இருக்க வேண்டும். பாரத்தைத் தாங்க வேண்டியது எலும்பின் இரு பக்கமும் உள்ள தசையே அன்றி எலும்பு அன்று.

முன்கால் எட்டி வைக்கும்போது தோள்பட்டை எலும்பு பின்னோக்கி நகரும். சேணம் அதன் மேல் ஏறி உட்கார்ந்தால் குதிரை அடியைக் குறுக்கிக்கொண்டு நடக்கும். பின்புறத்தில் சேணம் கடைசி விலா எலும்பைத் தாண்டக் கூடாது. அதற்கப்பால் உள்ள இடுப்பில் சுமை தாங்கும் வலு இல்லை. முடிவாக, சேணத்தின் அடியில் கையை விட்டு முன்னிருந்து பின்வரை தடவிப் பார்க்க வேண்டும். எங்கும் ஒரே சீராகத் தொட வேண்டும். முன்னும் பின்னும் அழுத்தி நடுவில் பாலம் போல் தூக்கி நின்றால், ஆளின் எடை முழுவதும் நான்கு மூலைகளில் இறங்கும்.

சவாரி முடிந்ததும் வியர்வையைக் கவனித்தாலும் உண்மை புலப்படும். சேணம் இருந்த இடம் முழுவதும் நனைந்து, ஓரிடம் மட்டும் உலர்ந்திருந்தால், அங்கே அளவுக்கு மீறிய அழுத்தம் இருக்கலாம். அல்லது சேணம் தொடாமலே இருந்திருக்கலாம். எதுவானாலும் மறுபடி சோதிக்க வேண்டும். வயிற்று வாரை இறுக்கும்போது குதிரை காதை மடக்குவதும், கடிக்கத் திரும்புவதும், முதுகைத் தொட்டால் நெளிவதும் பல சமயங்களில் முரட்டுத்தனம் அல்ல, முறையீடு.

“இன்னொரு கம்பளியை மடித்துப் போட்டால் சரியாகிவிடும்” என்பார்கள் சிலர். இறுக்கமான பூட்ஸுக்குள் இரண்டு ஜோடி காலுறை அணிந்தால் கால் வலி தீருமா? குறுகலான சேணத்துக்கும் இதே நியாயந்தான். குதிரை இளைத்தாலும் பருத்தாலும் முதுகின் வடிவம் மாறும். ஆகவே ஒரு முறை பொருந்திய சேணம் என்றைக்கும் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது.

இந்த அறிவின்மைக்குத் தமிழ்நாடு முன்னொரு காலத்தில் பெரிய விலை கொடுத்திருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்குள்ள அரசர்கள் ஏராளமான பொருள் கொடுத்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகளை வரவழைத்ததையும், பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமையால் அவற்றில் பெரும்பாலானவை மடிந்ததையும் எழுதியிருக்கிறார். யாத்திரிகரின் கணக்கில் மிகை இருக்கலாம். ஆயினும் குதிரையை விலைக்கு வாங்கலாம், குதிரையைப் பற்றிய அறிவை அப்படி வாங்க முடியாது என்னும் பாடத்தில் மிகை இல்லை.

இன்று சட்டமும் இதைப் பற்றிப் பேசுகிறது. பிராணிகளுக்காக ராஜ்ய சபையில் வாதாடிய கலாக்ஷேத்திரம் ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சிக்குப் பின், 1960-ஆம் ஆண்டு பிராணிவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் 1965-ல் மத்திய சர்க்கார் வகுத்த விதிகளில், சேணத்தின் வளைவுக்கும் குதிரையின் தோள்மேட்டுக்கும் நடுவே போதிய இடைவெளி இல்லாமல் சேணம் பூட்டலாகாது என்று தெளிவாகக் கூறியிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு குதிரையின் பின்னாலும் ஓர் இன்ஸ்பெக்டர் நிற்க முடியுமா?

அங்கே நிற்பவர்கள் காசு கொடுக்கும் நாம்தான். குழந்தையைக் குதிரைமேல் ஏற்றுமுன், சேணத்தின் முன்வளைவுக்கு அடியில் விரலை விட்டுப் பார்க்கும்படி குதிரைக்காரரிடம் மரியாதையாகக் கேட்கலாம். முதுகில் புண்ணோ வீக்கமோ தெரிந்தால் சவாரியை மறுத்துவிடலாம். வலியால் குதிரை துள்ளினால் கீழே விழுவது நம் குழந்தையே. குதிரைக்காரரும் பெரும்பாலும் அன்றாடம் சம்பாதித்து உண்ணும் ஏழை; அவருக்கு இதில் நஷ்டம் என்று நினைக்க வேண்டாம். சேணத்தின் திணிப்பைப் பிரித்துத் திருத்துவதற்கு ஆகும் செலவு கொஞ்சம். முதுகுப் புண்ணால் குதிரை வாரக்கணக்கில் கொட்டிலில் நின்றால் அடுப்பு எரியாமல் போவது அவர் வீட்டில்தான்.