ஒரு கூரை, மூன்று முதலாளிகள்

கார்களின் கட்டுமானத் தரத்தை ஒப்பிடும் மதிப்புரைகள் இந்த வாரமும் கதவை ஓங்கிச் சாத்துவதில் தொடங்கி டாஷ்போர்டை விரல் நகத்தால் தட்டிப் பார்ப்பதில் முடிந்திருக்கின்றன. ஜெர்மன் கார் உறுதி, ஜப்பான் கார் தகரம், கொரியக் கார் பகட்டு என்ற தீர்ப்புகளும் அவ்விரு சடங்குகளைக் கொண்டே வழங்கப்பட்டிருக்கின்றன. கதவுச் சத்தத்தைப் பற்றிய புலம்பலை இப்பத்தியின் பழைய வாசகர்கள் பலமுறை பொறுத்துக்கொண்டவர்கள். இன்னும் ஒருமுறை பொறுத்தருள வேண்டும். கதவின் வெளித்தகட்டுக்கு உட்புறம் ஒட்டப்படும் அதிர்வு உறிஞ்சும் பட்டை, விளிம்பைச் சுற்றி ஓடும் ரப்பர் பீடிங், பூட்டின் கொக்கி கவ்வும் வளையத்தின் வடிவம் ஆகியவற்றை மாற்றி மாற்றிப் பார்த்து, 'தொம்' என்று அடங்கி ஒலிக்கும் சத்தத்தை வேண்டிய அளவுக்கு வரவழைக்க முடியும் என்பதும், அதற்கென்றே ஒலிப் பொறியாளர்களை நிறுவனங்கள் அமர்த்தியிருக்கின்றன என்பதும் தொழிலில் உள்ளோர் அனைவரும் அறிந்தவை. பக்கவாட்டு மோதலில் பயணியைக் காப்பவை கதவுக்குள் மறைந்திருக்கும் எஃகுச் சட்டமும், முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே நிற்கும் பி-பில்லர் என்ற தூணும்தான். அவ்விரண்டும் விற்பனைக் கூடத்தில் வாய் திறப்பதில்லை.

சத்தத்தைவிடச் சற்று நேர்மையான அளவுகோல் ஒன்று உண்டு. கதவுக்கும் அதை ஒட்டிய தகட்டுக்கும் இடையில் விடப்படும் இடைவெளியைப் பேனல் கேப் என்பர். அது மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் ஓடுகிறதா, இரு தகடுகளும் ஒரே மட்டத்தில் நிற்கின்றனவா என்பதைக் கொண்டு, அச்சில் அழுத்துவதிலும் வெல்டிங்கிலும் ஒரு தொழிற்சாலை எவ்வளவு கட்டுப்பாட்டுடன் இயங்குகிறது என்பதை ஓரளவு ஊகிக்கலாம். ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தை 1993 முதல் 2002 வரை நடத்திய ஃபெர்டினாண்ட் பியெக் இந்த இடைவெளியில் வெறிகொண்டவராக இருந்தார். தகட்டுப் பொறியாளர்களை அழைத்து, ஆறு வாரத்துக்குள் உலகத் தரமான பொருத்தம் வராவிட்டால் அனைவருக்கும் பதிலாக வேறு ஆட்கள் வருவார்கள் என்று அவர் கெடு விதித்ததாக, அவர் வாயிலிருந்தே கேட்டவரான அமெரிக்கக் கார்த்துறைத் தலைவர் பாப் லுட்ஸ் பின்னர் எழுதினார். பொருத்தம் வரத்தான் செய்தது. 1997இல் வெளிவந்த நான்காம் தலைமுறை கோல்ஃபின் உள்ளறையைப் பார்த்துப் போட்டியாளர்கள் திகைத்தனர். ஆனால் அதே அச்சம்தான் அந்த நிறுவனத்தைப் பின்னாளில் டீசல் கார்களின் புகைச் சோதனை மோசடிவரை இட்டுச்சென்றது என்பது லுட்ஸின் வாதம்.

பியெக்கின் வழியில் வந்து பின்னாளில் ஃபோக்ஸ்வாகன் தலைவரான மார்ட்டின் வின்டர்கோர்ன், 2011ஆம் ஆண்டு ஃபிராங்ஃபர்ட் கார்க் கண்காட்சியில் ஹூண்டாய் ஐ30 காருக்குள் அமர்ந்து ஸ்டீயரிங்கை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்த காணொளியைப் பலரும் அறிவர். சிறு சத்தமும் எழவில்லை என்பதைக் கண்ட அவர், பிஎம்டபிள்யூவாலும் தம்மாலும் முடியாதது இவர்களால் எப்படி முடிகிறது என்று தம் வடிவமைப்புத் தலைவரை அழைத்துக் கேட்டார். தீர்வு ஒன்று இருந்தது, செலவு மிகுதியாக இருந்தது என்ற வகையில் பதில் வந்தது. ஜெர்மனியைக் கொரியா வென்ற தருணமாக இக்காட்சி கொண்டாடப்பட்டது. அந்தக் கார் வரையப்பட்டது ஃபிராங்ஃபர்ட்டுக்கு அருகிலேயே உள்ள ரூசல்ஸ்ஹைம் என்ற ஜெர்மன் ஊரில், ஐரோப்பியச் சந்தைக்காக அது தயாரானது செக் குடியரசின் நோஷோவிட்ஸெ ஆலையில் என்னும்போது, வென்றது எந்த நாடு என்பதை முடிவுசெய்யும் பொறுப்பை மதிப்புரையாளர்களுக்கே விட்டுவிடலாம்.

அந்த ஆண்டு ஹூண்டாயின் அமெரிக்கப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் ஜான் கிராஃப்சிக். இப்பெயர் வந்துவிட்ட பிறகு 'தி மெஷின் தட் சேஞ்ச்ட் தி வேர்ல்ட்' என்ற நூலைக் குறிப்பிடாமல் கடந்துபோக இப்பத்தியால் இயலாது. ஜேம்ஸ் வோமாக், டேனியல் ஜோன்ஸ், டேனியல் ரூஸ் ஆகியோர் எழுதி 1990இல் வெளிவந்த அந்நூல், எம்ஐடி நிறுவனம் பல நாட்டுக் கார் ஆலைகளில் நடத்திய ஐந்தாண்டு ஆய்வின் விளைவு; அவ்வாய்வில் இளைஞராக ஆலை ஆலையாகச் சென்று அளந்தவர்களில் ஒருவர் கிராஃப்சிக். ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிராமிங்ஹாம் ஆலையில் ஒரு காரைப் பூட்டி முடிக்க 31 மனிதமணி நேரமும், டொயோட்டாவின் தகஓகா ஆலையில் 16 மணி நேரமும் ஆயின என்பதும், விரைந்து முடித்த ஆலையின் கார்களில்தான் குறை மிகக் குறைவு, நூறு கார்களுக்கு 45 மட்டுமே, மற்றதில் ஏறத்தாழ மூன்று மடங்கு என்பதும் அந்நூல் தரும் கணக்கு. வேகமும் தரமும் ஒன்றையொன்று தின்னும் என்று நம்பியிருந்தவர்களுக்கு இது கசப்பான செய்தி. அதைவிடக் கசப்பானது உயர்விலை ஜெர்மன் ஆலை ஒன்றைப் பற்றிய பகுதி: வெள்ளை அங்கி அணிந்த கைதேர்ந்த தொழிலாளர்கள் வரிசையின் முடிவில் நின்று, பூட்டும்போது நேர்ந்த குறைகளைத் தேடித் தேடிச் செப்பனிட, அதற்குச் செலவான உழைப்பு ஜப்பானிய ஆலை ஒரு காரை முழுதாகச் செய்வதற்குச் செலவிட்ட உழைப்பைவிட மிகுதியாக இருந்ததாம். உலகம் கைவினைத் திறன் என்று வியந்தது பெரும்பாலும் திருத்தும் கூலியே என்று ஆசிரியர்கள் கண்டனர்.

கிராஃப்சிக் அந்த ஆய்வுக்கு வருமுன் பணிபுரிந்த இடம், நாடும் பிராண்டும் பற்றிய தீர்ப்புகள் எல்லாவற்றையும் ஒரே கட்டடத்துக்குள் வைத்துச் சோதித்துப் பார்த்த இடம். கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய ஆலையில் எக்காரணம் கொண்டும் வரிசை நிற்கக் கூடாது என்பது எழுதாச் சட்டம். உதிரிபாகம் குறைந்தாலும் தவறாகப் பூட்டப்பட்டாலும் கார் நகர்ந்துகொண்டே போய் முற்றத்தில் பழுதுபார்ப்புக்காகக் குவியும். வேலைக்கு வராமல் நின்றுவிடுவதும், நிர்வாகத்துடன் ஓயாத பூசலும் சேர்ந்து, அந்நிறுவனத்தின் மிக மோசமான ஆலைகளில் ஒன்றாகப் பெயர் வாங்கி 1982இல் அது மூடப்பட்டது. 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக நம்மி என்ற பெயரில் அதே கட்டடத்தைத் திறந்தபோது, எடுக்கப்பட்ட தொழிலாளர்களில் மிகப் பெரும்பான்மையினர் அங்கிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட அதே ஆட்கள், அதே தொழிற்சங்கம். அவர்களில் சில நூறு பேர் குழு குழுவாக ஜப்பானுக்கு அனுப்பப்பட்டுத் தகஓகாவில் பயிற்சி பெற்றனர்.

மாற்றப்பட்டவற்றில் முதன்மையானது ஒரு கயிறு. குறையைக் கண்ட எந்தத் தொழிலாளியும் தலைக்குமேல் ஓடும் அக்கயிற்றை இழுத்தால் விளக்கு எரியும், குழுத்தலைவர் ஓடிவருவார், அந்தக் கட்டத்தின் எல்லைக்குள் சிக்கல் தீராவிட்டால் வரிசையே நிற்கும்; ஆந்தோன் என்று ஜப்பானியர் வழங்கும் இந்த ஏற்பாட்டின் சாரம், தவறு செய்தவரைத் தேடுவதை விட்டுத் தவறு பிறந்த இடத்தைத் தேடுவது. பியெக்கின் கெடுவும் இக்கயிறும் ஒரே இடைவெளியைத்தான் சீராக்க முயன்றன, ஆனால் முன்னது அச்சத்தை மேலிருந்து இறக்கியது, பின்னது அதிகாரத்தைக் கீழே கொடுத்தது. இப்பத்தியின் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைப்பதற்கில்லை. சில ஆண்டுகளுக்குள்ளேயே நம்மியின் குறைக்கணக்கு தகஓகாவின் கணக்கான 45ஐத் தொட்டுவிட்டது. கட்டடம் பழையது, கைகளும் பழையவை. இதே முறையைத் தன் வேறு ஆலைகளுக்குக் கொண்டுபோக ஜெனரல் மோட்டார்ஸ் செய்த முயற்சி, வான் நைஸ் ஆலையில் நேர்ந்ததுபோல, மேலாளர்களின் முரண்டிலும் தொழிலாளர்களின் ஐயத்திலும் சிக்கித் தோற்றது தனிக்கதை.

நம்மியின் ஒரே வரிசையிலிருந்து டொயோட்டா கொரோலாவும், அதன் இரட்டைப் பிறவியாக ஜெனரல் மோட்டார்ஸ் விற்ற ஜியோ பிரிஸமும் இறங்கின. தகடு, இன்ஜின், பூட்டிய கை எல்லாம் ஏறத்தாழ ஒன்றாயிருந்தும், முன்னால் ஒட்டிய சின்னம் மட்டும் வேறாக இருந்ததால், பழைய கார்ச் சந்தையில் கொரோலா கூடுதல் விலைக்குப் போனது. கட்டுமானத் தரத்தைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவதாகச் சொல்லும் நிபுணர்கள் அந்நாளிலும் இருந்திருப்பார்கள்.

ஜெனரல் மோட்டார்ஸ் 2009இல் திவாலாகிக் கூட்டிலிருந்து விலக, 2010 ஏப்ரலில் நம்மி மூடப்பட்டது; கட்டடத்தை 4.2 கோடி டாலருக்கு வாங்கிய டெஸ்லா, மின்சாரக் கார்களை அங்கே செய்யத் தொடங்கியது. அதே கூரையின் கீழிருந்து வந்த மாடல் 3ஐ 2018இல் அக்கக்காகக் கழற்றிப் பார்த்த பொறியாளர் சாண்டி மன்ரோ, தகட்டு இடைவெளிகளைக் கண்டு 1990களின் கியா கார்கள் நினைவுக்கு வருவதாகச் சொன்னார், ஆனால் அதன் மின்னணுப் பகுதிகளைப் புகழ்ந்தார். அவ்வாண்டு உற்பத்தி இலக்கை எட்டுவதற்காக ஆலைக்கு வெளியே கூடாரம் அமைத்து இன்னொரு வரிசையை ஓட்டவேண்டிய நிலை நேர்ந்தது. மிகையான இயந்திரமயம் தம் பிழை என்று டெஸ்லாவின் தலைவர் ஈலோன் மஸ்க்கே அறிவித்தார். 2021இல் மன்ரோவுடன் உரையாடியபோது, டெஸ்லா காரை அது வெளிவந்த தொடக்கத்திலேயே வாங்க வேண்டும், அல்லது உற்பத்தி நிலைப்பட்ட பிறகு வாங்க வேண்டும் என்று நண்பர்களுக்குச் சொல்வதாக அவர் கூறினார். நம் ஊரில் வாங்குபவர் சேசிஸ் எண்ணைப் பார்த்துக் கார் தயாரான மாதத்தைக் கண்டுகொள்கிறார். அந்த மாதத்தில் வரிசை எத்தனை முறை நின்றது என்பதைச் சொல்லும் தாள் எதுவும் சாவியோடு தரப்படுவதில்லை.