மூக்கின்மேல் ஏறிய வேற்றுக்கண்

பார்வை குன்றியவர் அணிந்து வந்தது மூக்குக்கண்ணாடி. அணிந்தவர் பார்ப்பதற்கு அது துணை நின்றதேயன்றி, அவர் பார்த்ததைப் பிறர்க்குப் போய்ச் சொன்னதில்லை. இன்று அதே வடிவில், அதே மூக்கின்மேல், வேறொரு பொருள் வந்து அமர்ந்திருக்கிறது. அதன் மூலையில் படப்பொறி. காதில் மாட்டும் கம்பிகளில் ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும். அணிந்தவரின் கைப்பேசி வழியே கடல்கடந்த கணிப்பொறிக் கிடங்குகளுடன் தொடர்பு. கேட்ட கேள்விக்குக் காதோடு விடைசொல்லும் செயற்கை நுண்ணறிவு. ‘சுமார்ட்டு கிளாசு’ என்று வணிகர் இதனைக் கூவி விற்கின்றனர். நம் செய்தித்தாள்களோ ‘சூட்டிகைக் கண்ணாடி’ என்று, குழந்தையைக் கொஞ்சுவதுபோல் பெயர் சூட்டிவிட்டன. பொருளுக்குப் பெயரிடுவோர் விற்பவனின் வாயைப் பார்த்துப் பெயரிடல் ஆகாது. அது செய்யும் வினையைப் பார்த்துப் பெயரிடல் வேண்டும். இது பதிவுசெய்யும் ஆடி. ஆகவே, பதிவாடி என்போம்.

இது நேற்று முளைத்ததன்று. 2012-இல் கூகுள் நிறுவனம் இத்தகைய கண்ணாடியொன்றை உலகுக்குக் காட்டி, 2013-இல் 1,500 தாலர் விலையில் தேர்ந்தெடுத்த சிலர்க்கு விற்றது. அமெரிக்கக் குடிப்பகங்கள் சில, இதை அணிந்து வருவோர்க்கு உள்ளே இடமில்லை என அறிவித்தன. அணிந்து திரிந்தோர்க்கு அம்மக்கள் வைத்த வசைப்பெயர் இவ்விதழில் எழுதத்தக்கதன்று. 2015 சனவரியில் பொதுமக்களுக்கான விற்பனை நின்றது. மக்கள் வென்றனர் என்றே பலரும் எண்ணினர். ஆனால் வணிகன் அதிலிருந்து கற்ற பாடம் வேறு. படப்பொறியைக் கைவிடவேண்டும் என்று அவன் கற்கவில்லை. அது படப்பொறி என்று பிறர் அறியாதவாறு செய்யவேண்டும் என்று கற்றுக்கொண்டான். 2021-இல் முகநூல் நிறுவனம், உலகறிந்த இரே-பான் கண்ணாடியின் உடலுக்குள் தன் கண்ணைப் புகுத்தியது. பின்னர் மெட்டா எனத் தன் பெயரை மாற்றிக்கொண்ட அந்நிறுவனம், 2023-இல் அதைப் புதுக்கி விற்றது. 2025 தொடக்கத்திற்குள் 20 இலக்கம் விற்றுத் தீர்ந்தன. அவ்வாண்டு மே திங்களில் 29,900 உருபா தொடக்க விலையில் நம் நாட்டுக் கடைகளுக்கும் வந்து சேர்ந்தது.

இதனால் நன்மையே இல்லையா எனின், உண்டு. கண்ணொளி இழந்தவர் இரு கைகளும் வீசி நடக்க, எதிரே உள்ள பலகையின் எழுத்தை இக்கருவி அவர் காதில் படித்துச் சொல்லும். ‘என் கண்களாய் இரு’ என்று பொருள்படும் பெயரில் 2015-இல் தென்மார்க்கில் தோன்றிய செயலி, 2024-இல் இக்கண்ணாடியோடு இணைக்கப்பட்டது. எங்கோ இருக்கும் தொண்டர் ஒருவர் பார்வையற்றவரின் எதிரில் உள்ளதைக் கண்டு அவர்க்கு வழிசொல்ல முடிகிறது. செவிப்புலன் குன்றியோர்க்கு எதிரிலிருப்பவர் பேச்சைக் கண்முன் எழுத்தாக ஓட்டும் கண்ணாடிகளும் வந்துள்ளன. இவற்றை எள்ளி நகையாடுபவன் மாந்தநேயம் அற்றவன். அறிவியலுக்கு நாம் பகைவர் அல்லோம்.

ஆனால் இந்நன்மையும் நம்மவர்க்கு எம்மொழியில் வந்தது? விற்பனைக்கு வந்தபோது அது இங்கே ஆங்கிலம் பேசிற்று. அதே ஆண்டு அக்டோபரில் இந்தி பேசக் கற்றுக்கொண்டது. மதுரைப் பேருந்து நிலையத்தில் நிற்கும் பார்வையற்ற தமிழர் ஒருவர், தமக்கு முன் நிற்கும் வண்டி எவ்வூர்க்குச் செல்வது என்று தம் மூக்கின்மேல் உள்ள பொருளைக் கேட்க, முதலில் ஆங்கிலமும் அடுத்து இந்தியும் கற்றிருக்கவேண்டுமாம்! தமிழனின் பணத்தை எண்ணி வாங்கத் தெரிந்த கருவிக்கு, வாங்கிய அன்று அவன் மொழி தெரிந்திருக்கவில்லை. இதுவே பெருங்கொடுமை. எனினும் மொழி ஒருநாள் சேர்க்கப்படலாம். சேர்த்தாலும் தீராத கேடு ஒன்று இதனுள் இருக்கிறது.

இக்கருவியை வாங்குபவனிடம் நிறுவனம் இசைவு கேட்கிறது. பத்துப் பக்க உறுதிமொழியைக் காட்டி, ‘ஒப்புகிறேன்’ என்று அழுத்தச் சொல்கிறது. அவனும் படியாமல் அழுத்துகிறான். ஆனால் படப்பொறி பார்ப்பது அவனையா? அவன் முகம் ஒன்றுதான் அக்கருவி காணாத முகம்! அது காண்பது எதிரில் வரும் பெண்ணை; கடையில் கணக்குப் பார்க்கும் இளைஞனை; மருத்துவமனை வாயிலில் அழுதுகொண்டு நிற்கும் தாயை. இவர்களிடம் எவன் இசைவு கேட்டான்? 2025 ஏப்பிரல் இறுதியில் மெட்டா தன் நெறிமுறையை மாற்றியது. பெயர்சொல்லி அழைத்துக் கட்டளையிடும் பேச்சின் ஒலிப்பதிவு ஓராண்டு வரை தன் கிடங்கில் இருக்கும் என்றும், வேண்டாமென்போர் பின்னர் ஒவ்வொன்றாய் அழித்துக்கொள்ளலாமே அன்றி முன்கூட்டியே தடுக்க இயலாது என்றும் அறிவித்தது. விலைகொடுத்து வாங்கியவனுக்கே இந்நிலை எனில், வழியில் நடந்துபோனவனுக்கு என்ன நிலை?

‘கைப்பேசியில் இல்லாத படப்பொறியா? தெருமுனைக் கம்பத்தில் இல்லாத படப்பொறியா?’ என்று மடக்குவார் உளர். கைப்பேசியால் படம்பிடிப்பவன் கையை உயர்த்துகிறான். அந்தக் கையை நாம் காண்கிறோம். முகத்தைத் திருப்பலாம், வேண்டாமெனலாம், சண்டையும் பிடிக்கலாம். கம்பத்தில் உள்ளது ஓரிடத்தில் நிற்பது. அதற்கு உடையவன் எவன் என்று கேட்டறியலாம். பதிவாடியோ நம்மோடு பேசிக்கொண்டிருப்பவனின் முகத்திலேயே இருக்கிறது. பேசுபவன் கண்ணை நோக்கிப் பேசுவதுதான் மாந்த இயல்பு. அந்நோக்கையே பொறியாக்கிவிட்டனர்.

படம்பிடிக்கும்போது ஒரு சிறு விளக்கு எரியுமாம்! 2021-லேயே அயர்லாந்து, இத்தாலி நாடுகளின் தரவுக் காப்பு அமைப்புகள், அப்பொட்டு விளக்கு பிறர்க்குப் போதிய எச்சரிக்கையாகுமா என்று கேள்வி எழுப்பின. ஐரோப்பிய மங்கல் ஒளியிலேயே ஐயத்திற்குரிய விளக்கு, நம் சித்திரை வெயிலில் எவர் கண்ணுக்குத் தெரியும்? தெரிந்தாலும், அது எதற்கு எரிகிறது என்று காய்கறி விற்கும் மூதாட்டிக்கு எவர் சொல்லி வைத்தார்? அவ்விளக்கை அணைத்துத் தருவதற்கென்றே கூலி வாங்கும் கைவினைஞரும் 2025-இல் அமெரிக்காவில் கிளம்பிவிட்டனர்.

இனி, இதனினும் கொடியது. 2024-இல் ஆர்வர்டு பல்கலைக்கழக மாணவர் இருவர், இக்கண்ணாடி பிடித்த படத்தை முகந்தேடும் இணையத் தளத்தோடும் செயற்கை நுண்ணறிவோடும் பிணைத்து, தெருவில் எதிர்ப்பட்ட முன்பின் அறியாதவரின் பெயர், முகவரி முதலியவற்றைச் சிறிது நேரத்தில் எடுத்துக் காட்டினர். கேட்டினை உலகுக்கு உணர்த்தவே செய்தோம் என்றனர். தம் மென்பொருளை வெளியிடவும் மறுத்தனர். அவர்களைப் பாராட்டலாம். அதையே உணர்த்தும் நோக்கமின்றிச் செய்பவன் செய்தித்தாளுக்குச் சொல்லிவிட்டா செய்வான்?

இவ்விடத்தில் தமிழன் தன் இலக்கணத்தை நினைத்துப் பார்க்கவேண்டும். ‘பிரைவசி’ என்று ஆங்கிலத்திலோ ‘அந்தரங்கம்’ என்று வடமொழியிலோ சொன்னால்தான் இவ்வுரிமை விளங்கும் என்பார் நம்மிடையே உளர். நமக்கு அகம் என்று ஒரு சொல் இருக்கிறது! அன்பின் ஐந்திணையில் தலைவனையோ தலைவியையோ பெயர் சுட்டிச் சொல்லலாகாது என்று தொல்காப்பியம் வரம்பு கட்டியது. நெடுநல்வாடையில் எவர் பெயரும் இல்லை. ஆயினும் வேப்பந்தழை சூடிய வேல் ஒன்று வருகிறது. வேம்பு பாண்டியர் பூ; எனவே ஆளை அது காட்டிக்கொடுத்துவிட்டது என்று கருதி, அப்பாட்டை அகம் ஆகாது, புறமே என்றார் நச்சினார்க்கினியர். ஓர் அடையாளம் வெளிப்பட்டாலே அகம் புறமாகிவிடும் என்று கண்ட மரபு இது. முகத்தைக் கண்டவுடன் பெயரையும் தெருவையும் சொல்லும் பொறியை அம்மரபில் வந்தவன் ‘வியத்தகு முன்னேற்றம்’ என்று கைதட்டி வரவேற்பதா?

சட்டம் காக்காதா என்பீர்கள். 2017 ஆகத்து 24-இல் உச்சநயன்மன்றத்தின் நடுவர் ஒன்பதின்மரும் ஒருமித்து, இவ்வுரிமை அடிப்படை உரிமையே என்று தீர்ப்புரைத்தனர். அதன்பின் ஆறாண்டு கழித்து, 2023-இல் மின்னியல் தனியாள் தரவுக் காப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் வெளிவர 2025 நவம்பர் ஆயிற்று. தலையாய கடமைகள் நடைமுறைக்கு வர மேலும் 18 திங்கள் தவணை. வந்தாலும் என்ன? அச்சட்டத்தின் 3-ஆம் பிரிவு, தனியொருவர் தம் சொந்தத் தேவைக்கோ வீட்டுத் தேவைக்கோ கையாளும் தரவுக்குச் சட்டம் பொருந்தாது என்று விலக்களிக்கிறது. மகன் பிறந்தநாள் படத்தைத் தந்தை வைத்துக்கொள்வதற்கு அவ்விலக்கு நல்லதே. ஆனால் தெருவில் போகும் பெண்ணின் முகத்தைத் தேடிப் பெயர் கண்டுபிடிப்பவனும் ‘என் சொந்தத் தேவைக்கே’ என்பானே! உடலின் மறைவிடத்தைப் படம்பிடித்தால் ஒறுக்கத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் பிரிவு உண்டு. முகத்தைத் திருடுவோனை அப்பிரிவும் தொடாது.

அரசோ தனக்கென விலக்குகளைத் தனியே எழுதி வைத்துக்கொண்டுள்ளது. 2018-இல் சீனத்தின் செங்சௌ தொடர்வண்டி நிலையத்தில் காவலர் முகமறி கண்ணாடி அணிந்து நின்றதை உலகம் கண்டது. இங்கோ, தமிழ்நாட்டுக் காவல்துறை 2021-இல் முகமறி மென்பொருளை ஏற்றுக்கொண்டது. 2024 மே திங்களில் அதன் தளத்திற்குள்ளேயே இணையத் திருடர் புகுந்துவிட்டனர். பூட்டிய அறையில் இருந்ததைக் காக்க முடியாதவர், நாளை ஒவ்வொரு காவலர் மூக்கின்மேலும் ஏற்றப்போவதை எங்ஙனம் காப்பர்? கூட்டத்திற்கும் ஊர்வலத்திற்கும் வருகின்ற தமிழ் உணர்வாளர் இதனை ஆழ்ந்து எண்ணவேண்டும்.

எனவே நாம் கேட்பது பதிவாடியை உடைத்தெறிய வேண்டுமென்பதன்று. முன்பின் அறியாதவர் முகத்தைத் தேடி அடையாளங்காணும் செயல் சொந்தத் தேவை ஆகாது என்று 3-ஆம் பிரிவில் நடுவணரசு திருத்தம் எழுதவேண்டும். மருத்துவமனை, பள்ளி, மகளிர் விடுதி ஆகிய இடங்களில் படப்பொறிக் கண்ணாடி கூடாதெனத் தமிழ்நாட்டரசு இப்பொழுதே ஆணையிடலாம். பார்வையற்றோர் துணைக்கருவிகளுக்கு மட்டும் விலக்குத் தரலாம். அத்துணைக்கருவியையும் அயலானிடம் கையேந்தி வாங்கவேண்டுவதில்லை. தமிழெழுத்தைப் படித்தறியும் மென்பொருளும், எழுத்தைத் தமிழொலியாக்கும் மென்பொருளும் முன்பே உள்ளன. படத்தைக் கடல்கடந்து அனுப்பாமல் கருவிக்குள்ளேயே படித்து, அங்கேயே அழித்துவிடும் தமிழ்க் கண்ணாடியைச் செய்ய நம் பொறியியல் கல்லூரிகளுக்கு அரசு பணம் தரட்டும். செய்ததைப் பார்வையற்றோர்க்கு விலையின்றி வழங்கட்டும்.

அன்பர்கள் தத்தம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர்க்கும் சட்டமன்ற உறுப்பினர்க்கும் இதனை மடலாக எழுதுக. பொதுப்படப் புலம்பும் மடல்கள் குப்பைக்கூடைக்கே போகும். நாடாளுமன்ற உறுப்பினர்க்கு எழுதுவதில் 2023-ஆம் ஆண்டுச் சட்டம், 3-ஆம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவு என்று குறித்து, என்ன திருத்தம் வேண்டுமென்பதையும் ஒரு வரியில் எழுதுக. சட்டமன்ற உறுப்பினர்க்கு எழுதுவதில் நும் ஊர் அரசு மருத்துவமனையின் பெயரைக் குறித்து, அங்கு இத்தடை என்று வரும் எனக் கேட்டெழுதுக.