ஒரிஜினல் டேங்க்கும் ஒரிஜினல் பைத்தியமும்

மூணு வாரமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி மக்களே, அதான் இந்தப் பக்கம் வரலை. இப்ப வந்ததே ஒரு வயித்தெரிச்சலைக் கொட்டத்தான்.

நமக்குச் சொந்த ஊர் பழவேற்காடு. தாத்தா இறால் வியாபாரத்துல ஓஹோன்னு இருந்தப்ப வாங்கின ஸ்டாண்டர்டு ஹெரால்டு இன்னும் கொட்டகையில நிக்குது. பிரிட்டன் ட்ரையம்ஃப் டிசைன், ஆனா 1961-லேர்ந்து நம்ம மெட்ராஸ்லயே செஞ்ச வண்டி. அந்தக் கம்பெனி எண்பதுகளோட கடைசியிலேயே கார் செய்யறதை நிறுத்திடுச்சு. உப்புக்காத்து சும்மா விடுமா? டேங்க் அடியில ஊசித்துளை, உள்ளே செங்கல்பொடி மாதிரி துரு. ஹெரால்டுக்கு டேங்க் டிக்கிக்குள்ளேயே இருக்கு. ஒழுகினா பெட்ரோல் வாடையோடதான் பயணம்.

பழைய கார் பிரியர் ஒருத்தர்கிட்ட யோசனை கேட்டேன். "தம்பி, பத்து கித்து வச்சுடாதே. பிரிக்காத அந்தக்கால ஸ்டாக் தேடு. டேங்க், ஓஸ், வாஷர் எல்லாம் ஒரிஜினலா இல்லேன்னா வண்டிக்கு மதிப்பே கிடையாது"ன்னார். தேடிப் புடிச்சேன். கடையில சொன்ன விலை என் சம்பளத்துல பாதி. ஓஸை லேசா வளைச்சேன், முறுக்கு மாதிரி உடைஞ்சுது. "ஒரிஜினல்னா அப்படித்தான் சார் இருக்கும்"ங்கறார் கடைக்காரர். அடப்பாவிகளா!

ஒரிஜினல் பக்தர்களே, ரெண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்பாதீங்க. தகரம் வேற, ரப்பர் வேற. தகரத்தைக் காப்பாத்தலாம், காப்பாத்தணும். ரப்பர் டப்பாவைப் பிரிக்காட்டியும் கிழடாகும். அந்த ஓஸ் செஞ்ச காலத்துல எத்தனால் கலந்த பெட்ரோலை யாரு நினைச்சா? 20 சதவீதம் கலந்தது 2023-ல பங்க்குக்கு வந்துச்சு, 2025-க்குள்ள நாடு முழுக்க அதுதான்னு ஆயிடுச்சு. எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணி சேரச்சேர ரெண்டும் பிரிஞ்சு டேங்க் அடியில தங்கும். அப்புறம் துரு. பழைய ரப்பர் உப்பும், அரக்கு பூசின கார்க் மிதவையில அரக்கே கரையும். இதுல அந்தக்கால ஓஸைப் போட்டு ஓட்டறது பக்தி இல்லீங்க, தற்கொலை.

"விண்டேஜ் அந்தஸ்து போயிடுமே"ன்னு ஒரு பூச்சாண்டி. 2021 ஜூலையில வந்த மத்திய அரசு விதியைப் படிங்கய்யா. 50 வருஷத்துக்கு மேலான வண்டியா இருக்கணும், சேஸிஸ், பாடி, இன்ஜின்ல பெரிய மாத்தம் கூடாது. பெட்ரோல் ஓஸ் அதுல எங்க வருது?

எங்க ஊர்ல வந்து பாருங்க. அவுட்போர்டு இன்ஜின் வச்சிருக்கற மாமா ஒருத்தர், எரிபொருள் ஓஸ்ல ஒரு வெடிப்பு தெரிஞ்சாப் போதும், அன்னைக்கே மாத்திடுவார். கையால அமுக்கற ரப்பர் பல்ப் தளர்ந்தா அதுவும் குப்பைக்கு. "முகத்துவாரத்துல அலை தூக்கறப்ப இன்ஜின் நின்னா, ஒரிஜினல் ஓஸா நம்மளக் கரை சேர்க்கும்?"னு கேட்டார். ஆனா இன்ஜினை மட்டும் இருபது வருஷமா பொத்திப் பொத்தி வச்சிருக்கார். எதைக் காப்பாத்தணும், எதைத் தூக்கிப் போடணும்னு தெரிஞ்ச மனுஷன்.

நானும் அதையேதான் செஞ்சேன். டேங்க்கை சிட்ரிக் ஆசிட்ல ஊறவச்சு, சோடா உப்புத் தண்ணியில கழுவி, உடனே காயவச்சு, ரேடியேட்டர் கடையில ஈயப்பத்து வச்சாச்சு. எத்தனால் தாங்கற புது ஓஸ், புது வாஷர், ஒரு ஃபில்டர். தாத்தா தொட்ட டேங்க் அப்படியே இருக்கு, வண்டியும் ஓடுது. ஷோகேஸ்ல வைக்கணும்னா பொம்மைக் கார் வாங்கிக்குங்க சாமிகளா.

டிஸ்கி: பெட்ரோல் வடிச்ச டேங்க் பக்கம் நெருப்போட போகாதீங்க. காலி டேங்க்ல நிக்கற ஆவிதான் வெடிக்கும். வெந்நீர் விட்டு நல்லாக் கழுவி, விவரம் தெரிஞ்சவங்ககிட்ட மட்டும் குடுங்க. இப்ப வந்து கும்முங்க!