ஸ்டாண்டு என்னும் வணக்கம்

மேலைநாடுகளில் மோட்டார் சைக்கிளில் எதிர்ப்படுவோர் இடக்கையைத் தாழ்த்தி வணங்கிக்கொள்வர். வலப்புறம் ஓட்டுகிறவர்களுக்கு எதிரே வருபவர் பக்கம் இருப்பது இடக்கை. இடப்புறம் ஓட்டும் நமக்கோ அது ஆக்ஸிலரேட்டரை முறுக்கும் வலக்கை. அதை எடுக்க இயலாது. ஆகவே தலையசைப்பே நமக்குரிய மரபாயிற்று.

1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டோடு கைகோத்ததன் பயனாகத் திருவொற்றியூரில் புல்லட் உருவாகத் தொடங்கியது. அவ்வூரிலேயே புல்லட்காரர் புல்லட்காரருக்கு மட்டுமே தலையசைக்கிறார். காசிமேட்டிலிருந்து மீன்கூடையோடு மொபெட்டில் வருபவர் அவர் கண்ணில் படுவதில்லை. வண்டி பார்த்துச் செய்யும் வணக்கத்தை வணக்கமென்று ஏற்க நமக்கு மனமில்லை.

ஒருநாள் காலை, எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கிடையே கல்லூரிக்கு விரைந்துகொண்டிருந்தோம். "அண்ணா, ஸ்டாண்டு!" என்று கூவியபடி ஒரு மீன்கூடை மொபெட் நம்மைக் கடந்தது. மடக்க மறந்த ஸ்டாண்டு இடப்புறத் திருப்பத்தில் தரையில் இடித்திருந்தால் வண்டி கவிழ்ந்திருக்கும். பின்னால் லாரிச் சக்கரம். அவர் நம் வண்டி என்னவென்று பார்க்கவில்லை, நன்றிக்கும் காத்திருக்கவில்லை.

நம் சாலையின் மெய்யான வணக்கம் இதுவே. அக்கடனை அடைக்க ஒரே வழி, முன்னே செல்லும் வண்டியின் ஸ்டாண்டை நாமும் கவனிப்பதுதான்.